மரத்துக்கு இருந்த வம்சாவளி

"அண்ணே, அப்பாவோட அக்கா எதுல செத்தாங்க?"

கோலாலம்பூரிலிருந்து என் தங்கை போனில் கேட்ட கேள்வி இது. 2014-ஆம் ஆண்டு. நான் லகாட்டில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தேன். காலை ஒன்பது மணிக்குக் கேட்கிற கேள்வியா இது? அத்தை செத்து 47 வருடம் ஆகிவிட்டது.

"ஏதோ நோவுல செத்தாங்க."

"என்ன நோவு?"

"அது யாருக்குத் தெரியும்? நான் அப்ப எட்டு வயசுப் பையன்."

"உனக்கும் தெரியலன்னா நான் என்னத்தை எழுதுறது? இங்க ஒரு பொண்ணு பேப்பரை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

இரண்டு மாதத்துக்கு முன்புதான் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை நடந்திருந்தது. வயது 43. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஓர் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதித்திருந்தாள். அந்தப் பெண் மரபணு ஆலோசகர். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. புற்றுநோய் என்றால் உள்ளே கறுப்பு. தாத்தா பாட்டி தொடங்கி மூன்று தலைமுறை, அம்மா வழி, அப்பா வழி இரண்டும் வேண்டும். யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்பதும் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பழைய கதை எல்லாம் என்னிடம் கேட்பார்கள். தமிழ்ப்பள்ளி வாத்தியார், பத்திரிகையில் எழுதுகிறவர் என்கிற மரியாதை. அன்றைக்கு அந்த மரியாதை போயிற்று. ஏழு வட்டத்தில் மூன்றுக்கு எனக்குப் பெயரே தெரியவில்லை. பாட்டியின் பிறந்த ஊர் நாமக்கல் பக்கம் என்பது வரை தெரியும். அதற்கு மேல் வெறும் காகிதம். தாத்தாவின் தம்பி சயாம் ரயில் போட்ட இடத்துக்குப் போனவர், திரும்பவில்லை. சின்னப் பாட்டி குடும்பம் 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் தகராறில் கப்பலேறி இந்தியா போய்ச் சேர்ந்தது. அதோடு கடிதமும் நின்றது. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் கிராணி எழுதிய பெயர் ஒன்று, நாங்கள் கூப்பிட்ட பெயர் ஒன்று.

ரொட்டி ஆறிப்போனது. எனக்கு நினைவுக்கு வந்தது லகாட்டிலிருந்து பூசிங் போகிற வழியில் இருந்த எங்கள் தோட்டத்தின் பலகைகள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பலகை தெரியும். ஒவ்வொரு நிலத்தின் ஓரத்திலும் ஒரு கட்டையில் அறைந்திருக்கும். மரம் என்ன ரகம், எந்த வருடம் நட்டது, எத்தனை ஏக்கர் என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்தது ஆர்.ஆர்.ஐ.எம். 600. சுங்கை பூலோவில் இருந்த ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம். அதன் தாயும் தகப்பனும் யார் என்று கேட்டால் பதில் உண்டு: ஜாவாவின் ஜிர் 1, பிராங் புசார் தோட்டத்தின் பி.பி. 86. அந்தப் பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்றைக்குப் புத்ராஜெயா நிற்கிறது. இன்னும் மேலே போனால் 1876-இல் வீக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதை வரைக்கும் போகலாம். நம் பேராக்கிலேயே, கோலகங்சாரில், 1877-இல் நட்ட ஒன்பது கன்றில் மிஞ்சிய ஒரு மரத்தை வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

மரத்துக்கு வம்சாவளி இருந்தது. அந்த மரத்தை வெட்டிய என் அத்தைக்கு இல்லை.

குடும்ப மரம் வரைவது டாக்டர்களுக்கு எப்போதிலிருந்து இவ்வளவு முக்கியமாயிற்று என்று பிறகு தேடிப் படித்தேன். மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண்மணியிடம் போய் நின்றது. மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வரலாம், அதற்கு ஒரு மரபணு காரணமாக இருக்கலாம் என்று 1970-களில் அவர் சொன்னபோது பெரும்பாலோர் நம்பவில்லை. ஒரே வீட்டில் நாலு பேருக்கு வந்தால் ஒரே சாப்பாடு, ஒரே காற்று என்று சொல்லிவிடலாமே! அவர் விடவில்லை. அக்காள், தங்கை, தாய், பெரியம்மா என்று நோய் தொடர்ந்து வந்த 23 பெரிய குடும்பங்களைச் சேர்த்தார். அவற்றில் 146 பேருக்கு மார்பகப் புற்றுநோய். எல்லாக் குடும்பத்தையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் கணக்கு குழம்பியது. இளவயதில் நோய் வந்த குடும்பங்களை முன்னால் வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தபோது விடை தெளிந்தது: 17-ஆவது குரோமோசோம். 1990-இல் அறிவித்தார். 1994-இல் அந்த மரபணுவையே பிரித்தெடுத்தார்கள். பி.ஆர்.சி.ஏ.-1 என்று பெயர். அடுத்த வருடம் பி.ஆர்.சி.ஏ.-2.

இந்த இரண்டும் புற்றுநோயைக் கொண்டுவருகிற மரபணுக்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை நேர் எதிர். உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் மரபிழை இருக்கிறது. அது அவ்வப்போது அறுந்துபோகும். அறுந்ததைப் பிழையில்லாமல் ஒட்டிவைக்கிற வேலையாட்களில் இவை இரண்டு. எல்லாரிடமும் உண்டு, ஆணிடமும் உண்டு. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. அதில் ஒன்று பழுதாகவே பிறந்தால், மற்றது தனியாக வேலை பார்க்கும். ஏதோ ஓர் அணுவில் அதுவும் பழுதானால் ஒட்டுவதற்கு ஆள் இல்லை. பழுது உள்ள பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்று 2017-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. சினைப்பையிலும் வரும். பழுது உள்ளவரின் பிள்ளைக்கு அது போய்ச் சேர்வது பாதிக்குப் பாதி. பிள்ளை ஆணா பெண்ணா என்பதோ, கொடுத்தது தாயா தகப்பனா என்பதோ கணக்கில் இல்லை.

கிங் வேலை செய்தது நாலு தலைமுறைக்குப் பெயரும் தேதியும் வைத்திருக்கிற குடும்பங்களில். நம்மைப் போன்றவர்களுக்கு?

இந்த இடத்தில்தான் நம் நாட்டுக் கதை வருகிறது. டத்தின் படுக்கா தியோ சூ ஹுவாங் கேம்பிரிட்ஜில் படித்தவர். அங்கே ஸ்டீவ் ஜாக்சன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், மாவைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்டில், அறுந்த மரபிழையின் முனைகளை ஒட்டுகிற ஒரு நொதியைப் பற்றி ஆராய்ந்தார். இருவரும் 1997-இல் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு அங்கேயே காலம் தள்ளியிருக்கலாம். 2001-இல் ஊர் திரும்பி, இப்போது கேன்சர் ரிசர்ச் மலேசியா என்று பெயர் மாறியிருக்கிற நிறுவனத்தைத் தொடங்கினார். மறுவருடமே மலாயாப் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் யிப் செங் ஹாரோடு சேர்ந்து மலேசிய மார்பகப் புற்றுநோய் மரபணு ஆய்வு ஆரம்பமானது. என் தங்கை கையெழுத்துப் போட்டது அதில்தான்.

2008-இல் அந்தக் குழு வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்தேன். ஆங்கிலம்தான். பாதி புரியவில்லை. முதல் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: ஈஸ்வரி தீர்த்தகிரி. எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கக்கூடிய பெயர். ஆய்வில் 187 மலேசிய நோயாளிகள். இளவயதில் நோய் வந்தவர்கள், அல்லது குடும்பத்தில் நோய் இருந்தவர்கள். யாருக்கு மரபணுப் பழுது இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க வெள்ளைக்காரர் நாட்டில் செய்து வைத்த சூத்திரங்கள் உண்டு. குடும்பத்தில் எத்தனை பேர், எந்த வயது என்று போட்டால் ஓர் எண் வரும். அந்தச் சூத்திரங்களை நம்மவர்களுக்குப் போட்டுப் பார்த்தபோது கணித்ததைவிட அதிகம் பேருக்குப் பழுது இருந்தது. சூத்திரம் நம்மைக் குறைத்து எடை போட்டது.

எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்ற கேள்விக்கு "தெரியாது" என்று நாம் சொன்னால், சூத்திரத்தில் அது "இல்லை" என்றுதானே பதிவாகும்!

அதனால் அவர்கள் வேறு வழியிலும் போனார்கள். குடும்பக் கதை இருக்கிறதோ இல்லையோ, சம்மதிக்கிற நோயாளிகள் எல்லாரிடமும் ரத்தம் வாங்கினார்கள். நோய் இல்லாத பெண்களிடமும் வாங்கினார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் இருந்தார்கள். 2018-இல் வெளியான முடிவில் 2,575 நோயாளிகள், 2,809 நோயில்லாதவர்கள். நோயாளிகளில் 100-க்கு ஏறத்தாழ ஐந்து பேரிடம் இந்த இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுது. மற்ற 95 பேருக்கு இந்தப் பரம்பரைப் பழுது காரணம் இல்லை. இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்த ஒவ்வொரு வீட்டையும் 'அந்த ரத்தம்' என்று பேச ஆரம்பித்துவிடுவோம் நாம்.

ரத்தம் மட்டும் அல்ல, கட்டியையும் ஆராய்ந்தார்கள். 560 மலேசியப் பெண்களின் கட்டிகளை கேம்பிரிட்ஜ்காரர்களோடு சேர்ந்து ஆராய்ந்து 2020-இல் எழுதினார்கள். மேல்நாட்டுப் பெண்களின் கட்டிக்கும் நம்மவர் கட்டிக்கும் வித்தியாசங்கள் இருக்கின்றன. எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்பது இதைப் பொறுத்தது. நம் ரத்தம் சேராத கணக்கில் நமக்கு மருந்து எழுதினால் சட்டை இன்னொருவன் அளவில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டுப் பக்கமும் இதே தேடல் நடந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் 1954-இல் அடையாற்றில் தொடங்கிய மருத்துவமனை இருக்கிறதல்லவா? அங்கே டாக்டர் ராஜ்குமார் குழு 2009-இல் ஒரு கட்டுரை எழுதியது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்படுகிற ஒரு பழுது, பி.ஆர்.சி.ஏ.-1-இல் இரண்டே எழுத்து விடுபட்டுப் போன பழுது, தென்னிந்தியப் பெண்களிடமும் திரும்பத் திரும்பத் தென்பட்டது. உடனே சாலமன் காலத்து மயில் தோகை, கப்பல் என்று கிளம்பிவிடாதீர்கள். ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தவர்கள் அங்கே அது தனியாகவே தோன்றியது என்று கண்டிருக்கிறார்கள்.

தங்கையின் முடிவு 2015-இல் வந்தது. பி.ஆர்.சி.ஏ.-2 பழுது.

அந்தக் காகிதத்தில் அத்தையின் வட்டம் இன்னும் வெள்ளையாகவே கிடந்தது. நான் புந்தோங்குக்குப் போனேன். எங்கள் லயத்தில் நாலாவது வீட்டில் இருந்த பாட்டி அங்கே பேரன் வீட்டில் இருந்தார். வயது 90-ஐத் தாண்டியிருந்தது. கண் மங்கல், காது மங்கவில்லை. அத்தையின் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாருல புண்ணு தம்பி. டிரஸ்ஸர் ஊதா மருந்து தடவிக்கிட்டே இருந்தான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னான். போவல. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு உங்க தாத்தா என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு. இன்னும் ரெண்டு பொண்ணு கட்டிக்குடுக்க இருந்துச்சில்ல?"

48 வருடம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். என்னிடம் சொல்லும்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், பேரன் மருமகள் காதில் விழாமல்.

அப்போதுதான் எனக்கு ஒரு காட்சி விளங்கியது. அத்தை கடைசி வருடம் இடது கையால் பால் வெட்டினார். பிள்ளைகள் நாங்கள் அதை ஒரு வித்தை மாதிரி அஞ்சடியில் நின்று செய்துகாட்டிச் சிரிப்போம். வலது கை வீங்கி, ரவிக்கைக் கை ஏறாமல், மேலே துண்டு போர்த்தியிருப்பார். அக்குளில் நோய் ஏறிவிட்டால் கை வீங்கும் என்று தங்கையின் டாக்டர் சொன்ன பிறகு, நாங்கள் சிரித்தது எதைப் பார்த்து என்று தெரிந்தது. பெரட்டுக்கு ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. சாகும்போது வயது 36.

அப்பா 71 வயதில் பிராஸ்டேட் புற்றுநோயில் போனார். அதை நாங்கள் மூப்பு என்று எழுதி வைத்திருந்தோம். பி.ஆர்.சி.ஏ.-2 பழுது ஆண்களுக்கு அந்த நோயையும் கூட்டும். சதுரத்திலும் கறுப்பு.

இனி என்னைப் பற்றி. தங்கையின் முடிவோடு எனக்கும் ஒரு கடிதம் வந்தது. கூடப்பிறந்தவர்கள் விரும்பினால் சோதித்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு பெண்கள். கடிதத்தைப் படித்தேன், மடித்தேன், அலமாரியில் காப்புறுதிப் பத்திரங்களுக்கு அடியில் வைத்தேன். மூன்று வருடம் அது அங்கேயே இருந்தது. 'ஆம்பளைக்கு என்ன மார்பகப் புற்றுநோய்' என்பது நான் மற்றவர்களிடம் சொன்ன காரணம். (ஆண்களுக்கும் வரும், குறைவு.) உண்மைக் காரணம், மூத்தவளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தோம்.

மேடையில் பெண் விடுதலை பேசுகிறவன். இந்தப் பக்கத்தில் மூடநம்பிக்கையைக் கிழித்து எழுதியவன். தாத்தா வாங்கிய அதே சத்தியத்தை நான் எனக்கு நானே வாங்கிக்கொண்டேன்.

தங்கைதான் உடைத்தாள். 2018 தீபாவளிக்கு வந்தவள், சமையலறையில் என் மனைவியிடம், "அண்ணன் இன்னும் சொல்லலையா அண்ணி?" என்று கேட்டுவிட்டாள். அதற்குள் அவள் சினைப்பையையும் எடுத்திருந்தாள். நம் ஊரில் ஏஞ்சலினா ஜோலி என்றால் சினிமா நடிகை என்றுதான் தெரியும். 2013-இல் அவர் தம் மரபணுப் பழுதையும் அறுவையையும் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதியதால்தான் தனக்கும் வாய் திறக்கத் தைரியம் வந்தது என்பாள். "அவங்களுக்குக் காசு இருந்துச்சு. எனக்கு ஆய்வு இருந்துச்சு" என்பாள். அமெரிக்காவில் இந்தச் சோதனையை ஒரே கம்பெனி காப்புரிமை போட்டு வைத்துக்கொண்டு 3,000 டாலருக்கு மேல் வாங்கிய காலம் உண்டு. இயற்கையில் உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதே 2013-இல் தீர்ப்புச் சொன்னது.

ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது.

பெண்களிடம் சொன்ன இரவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். மூத்தவள் கல்யாணமாகிப் போனவள். மாப்பிள்ளையும் கூட உட்கார்ந்திருந்தார். நான் பயந்தது அவரை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மாமா, எங்க போய் டெஸ்ட் எடுக்கணும்?" அவளுக்கு இல்லை என்று வந்தது. பாதிக்குப் பாதியில் நல்ல பாதி.

இளையவள் சோதனை வேண்டாம் என்றாள். "இப்ப வேணாம்பா. எனக்கு வேணும்னு தோணும்போது நானே போறேன்." ஆலோசகரிடம் சொல்லி வற்புறுத்தச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். தெரிந்துகொள்வதும் வேண்டாம் என்பதும் அவள் உரிமையாம். ஆனால், இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வருடா வருடம் ஸ்கேன் பார்க்க டாக்டரோடு ஏற்பாடு செய்துகொண்டாள். நம் நாட்டில் 2012 முதல் 2016 வரை கண்டுபிடிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதி மூன்றாம், நான்காம் கட்டத்தில் தான் கண்டுபிடிக்கப்பட்டன என்று தேசியப் பதிவேடு சொல்கிறது. அத்தையின் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

மருந்தும் வந்திருக்கிறது. ஒலாபரிப் என்று ஒரு மாத்திரை. ஒட்டுகிற வேலையாள் ஏற்கெனவே இல்லாத புற்று அணுவில், இன்னொரு ஒட்டும் வழியையும் அடைத்துவிட்டால் அந்த அணு செத்துப்போகும்; நல்ல அணு பிழைத்துக்கொள்ளும். அதை உருவாக்கிய கம்பெனியைத் தொடங்கியவர் அதே ஸ்டீவ் ஜாக்சன். பழுது இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வழி திறக்கும். தெரியாமல் இருந்தால் டாக்டர் எழுதித் தர மாட்டார்.

போன மாதம் இளையவள் வந்திருந்தாள். ஈப்போ சாலையில் எத்தனையோ முறை போயும் தோட்டத்தைப் பார்த்ததில்லை என்றாள். காரில் கூட்டிப் போனேன். லயம் இல்லை. பால்மரமும் இல்லை, எண்ணெய்ப்பனை. அதற்கு அப்பால் வீடமைப்புக்கு மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பலகை எங்கே இருந்தது என்று காட்டினேன். அவள் கைத்தொலைபேசியைத் திறந்தாள். ஆலோசகர் வரைந்த மரத்தை அதில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். வட்டமும் சதுரமும் கோடும்தான், பெயர் கிடையாது. அவளாகவே ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இந்தக் கறுப்பு வட்டம், இடது கையால பால் வெட்டின பாட்டிதானேப்பா? அவங்க பேரு என்ன?"

சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். றகரமா ரகரமா என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.